அன்போடு போகிறோம், இளநீரோடு போகலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

டிசம்பர் பிறந்துவிட்டால் நம் சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளின் கேரல் குழுக்கள் புளோக் புளோக்காக ஏறி இறங்கும். மற்ற மாதங்களிலும் ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு நாலைந்து பேர் ஒரு காரில் போய், படுக்கையில் இருக்கும் ஒரு மூத்தவரைப் பார்த்து ஜெபித்துவிட்டு வருவது வழக்கம்தான். சபை வழக்கில் இதற்குச் 'சந்திப்பு' என்று பெயர். கத்தோலிக்கப் பங்குகளில் நற்கருணையும் கொண்டுபோவார்கள். கிறிஸ்துவின் அன்பைப் பற்றி மேடையில் எவ்வளவு பேசினாலும், அது பலிக்கிறதா இல்லையா என்பது பதினொன்றாம் மாடியில் ஒரு கட்டிலின் ஓரத்தில்தான் தெரியவரும். அங்கே போகிறவர்களுக்கு மனசு தாராளம். விவரம்தான் போதவில்லை. விவரம் தெரியாத அன்பு சில சமயம் ஆளைத் திரும்ப மருத்துவமனைக்கே அனுப்பிவிடும். அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகவே.

லூக்கா 10ஆம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியன் கதையை ஒரு வேலைப் பட்டியலாக வாசித்துப் பாருங்கள். சமாரியன் கிட்டே வருகிறான். எண்ணெயும் திராட்சரசமும் வார்க்கிறான். அந்தக் காலத்தில் காயத்தைக் கழுவத் திராட்சரசம், ஆற்ற எண்ணெய். கட்டுப் போடுகிறான். தன் சொந்த வாகனத்தில் அவனை ஏற்றுகிறான், அப்படியென்றால் இவன் நடந்திருக்கிறான். சத்திரத்தில் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறான். மறுநாள் இரண்டு பணம் கொடுக்கிறான். மத்தேயு 20இல் திராட்சைத் தோட்டத்துக்காரன் ஒரு நாள் கூலியாகப் பேசுவது ஒரு பணம். ஆக இது இரண்டு நாள் சம்பளம். மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான். பிறகு தன் வழியே போகிறான். அடிபட்டவன் எந்த ஊர், எந்தச் சாமி என்று ஒரு கேள்வி இல்லை, உபதேசமும் இல்லை. நம் பிரசங்கங்களில் பாதி நேரம் ஆசாரியனையும் லேவியனையும் திட்டுவதிலேயே போய்விடுகிறது. சத்திரக்காரனைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. சமாரியன் போனபிறகு அந்த ஆளுக்குக் கஞ்சி ஊற்றியது அவன்தானே. அவனிடம் பிறகு வருவோம்.

சாப்பாட்டில் தொடங்கலாம், தமிழர் அன்பு சட்டியில்தானே தொடங்கும். சமைப்பதற்கு முந்தின நாள் வீட்டாரை அழைத்து மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள்: சர்க்கரை இருக்கிறதா, சிறுநீரகக் கோளாறு உண்டா, விழுங்குவதில் சிரமமா? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம்.

நோயாளியைப் பார்க்கப் போனால் இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு. இது நம் கைப்பழக்கம். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு இந்த மூன்றுமே ஆகாது. மூன்றிலும் பொட்டாசியம் அதிகம். நல்ல சிறுநீரகம் மிஞ்சியதைச் சிறுநீரில் தள்ளிவிடும். பழுதானது தள்ளாது, பொட்டாசியம் இரத்தத்தில் ஏறி இதயத்துடிப்பையே குலைத்துவிடும். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருந்து வெளியேற்றியதை நாம் கொண்டுபோகும் பழப்பை திரும்ப உள்ளே சேர்த்துவிடுகிறது. பிளிம்பிங் என்று இங்கே சொல்லப்படும் நட்சத்திரப் பழம் இன்னும் மோசம். அதிலுள்ள ஒரு நச்சு மூளையைத் தாக்கும். நிற்காத விக்கலில் ஆரம்பித்து, புத்தி தடுமாறி, வலிப்பு வரை போகும். சின்னத் துண்டுகூடக் கொடுக்கக் கூடாது.

உப்பைக் குறைக்கிறேன் என்று சோடியம் குறைந்த உப்பு வாங்கிப்போட்டுச் சமைக்கிறவர்களும் உண்டு. அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்க்கப்படுவது பொட்டாசியம் குளோரைடு. மற்றவர்களுக்கு நல்லதாக இருக்கலாம், சிறுநீரக நோயாளிக்குக் கூடாது. சாதாரண உப்பையே கையைச் சுருக்கிப் போட்டு, மிளகு, சீரகம், பூண்டு, கொஞ்சம் எலுமிச்சையில் ருசியைக் கூட்டலாம். இன்னொன்று, இவர்களில் பலருக்கு ஒரு நாளில் எவ்வளவு குடிக்கலாம் என்று மில்லிலிட்டர் கணக்கில் அளவு சொல்லியிருப்பார்கள். ரசம், காப்பி, கஞ்சி எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். "ஒரு வாய் காப்பி குடிங்க அங்கிள்" என்று உபசரித்தால் அவர் சாயந்திரம் மாத்திரை போட வைத்திருந்த தண்ணீரைத்தான் நாம் எடுத்துவிடுகிறோம். பழம் கொண்டுபோயே ஆகவேண்டும் என்றால் இரண்டு ஆப்பிள் போதும்.

இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு முருங்கைக்கீரை சூப் ஒரு பெரிய தூக்குச்சட்டி நிறையப் போவதும் அப்படித்தான். கீரையில் இருக்கும் வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். கீரையே கூடாது என்பதில்லை. வழக்கமாகச் சாப்பிடும் அளவு திடீரென்று ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. கிறிஸ்துமஸ் ஹாம்பர் பைகளில் வரும் மைலோ, ஹார்லிக்ஸ், கிரீம் பிஸ்கட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சர்க்கரைக்காரர் வீட்டு அலமாரியில் அவை பேரப்பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்.

விழுங்குவதில் சிரமம் உள்ளவர் விஷயத்தில்தான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. பக்கவாதம் வந்தவர்கள், பார்க்கின்சன் நோயாளிகள், மறதி நோய் முற்றியவர்கள் பலருக்கு இந்தப் பிரச்சினை உண்டு. தொண்டைத் தசை மெதுவாக வேலை செய்வதால் தண்ணீர் உணவுக்குழாய்க்குப் பதில் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். நுரையீரலில் சளிக்காய்ச்சல் வரும். கெட்டியான உணவைவிடத் தண்ணீர்தான் ஆபத்து என்பதை நம்மவர்கள் நம்புவதே இல்லை. அதற்காகத்தான் மருத்துவமனையில் ஒரு டப்பா மாவு கொடுத்தனுப்புகிறார்கள். பானத்தில் அதைக் கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்கவேண்டும். எவ்வளவு கெட்டி என்பதற்கு எண்கள் உண்டு. அனைத்துலக அளவையில் பானங்கள் 0 முதல் 4 வரை, உணவு 3 முதல் 7 வரை. கட்டிலின் தலைமாட்டிலோ குளிர்பெட்டிக் கதவிலோ அந்த எண் எழுதி ஒட்டியிருக்கும். மாவும் தண்ணீரும் எவ்வளவு என்பது டப்பாவுக்கு டப்பா மாறும். அதில் எழுதியிருக்கும் அளவைத்தான் பார்க்கவேண்டும், கைக்கணக்கு உதவாது. சீராகத் தூவிக் கலக்கிவிட்டுச் சில நிமிடம் விடவேண்டும், உடனே பார்த்துவிட்டு "இன்னும் தண்ணியாத்தான் இருக்கு" என்று இன்னொரு கரண்டி போட்டால் பசையாகிவிடும்.

இதில் நம் சமையலுக்கென்று ஒரு கண்ணி இருக்கிறது: ரசம் சாதம். நோயாளிக்கு இதைவிட இதமானது எது என்று நினைப்போம். ஆனால் அது ஒரே வாயில் தண்ணீரும் பருக்கையுமாக இருக்கிறது. நாக்கு பருக்கையைக் கவனித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் பின்னால் ஓடிவிடும். நொய்க்கஞ்சி ஆறி மேலே நீர் பிரிந்தாலும் இதே கதை. சிகிச்சையாளர் மசித்த உணவுக்கு அனுமதித்திருந்தால், தயிர்சாதத்தைக் குழைய மசித்து, கரண்டியைக் கவிழ்த்தால் மொத்தமாக விழுகிற பதத்தில் கொடுக்கலாம். இட்லி மெத்தென்று இருந்தாலும் சிலருக்கு உதிர்ந்து தொண்டையில் ஒட்டும், கேட்காமல் ஊட்டவேண்டாம். ஊட்டும்போது ஆளை நேராக உட்காரவைத்து, சிறு கரண்டியில், ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய். சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது படுக்கவைக்கக் கூடாது. இருமல் வந்தாலோ, கண்ணில் நீர் வந்தாலோ, பேசும் குரல் நீருக்குள்ளிருந்து வருவதுபோல் கொளகொளவென்று மாறினாலோ நிறுத்திவிடுங்கள். இருமாமலேயே நுரையீரலுக்குள் இறங்குவதும் உண்டு, ஆகவே "இருமலையே, நல்லா சாப்பிட்டாரே" என்பது சான்று ஆகாது.

திருவிருந்துக்கும் இதே விதிதான். காய்ந்த அப்பம் மேல்வாயில் ஒட்டிக்கொள்ளும், சின்னக் கிண்ணத்துத் திராட்சரசம் நேரே தொண்டைக்குப் போய்விடும். போதகரிடமோ குருவானவரிடமோ முன்கூட்டியே சொல்லிவிட்டால் வழி உண்டு. அப்பத்தில் பொட்டளவு போதும். கத்தோலிக்கச் சபைச் சட்டப்படி, தேவை இருந்தால் திராட்சரசத்தின் வடிவில் மட்டும் நற்கருணை கொடுக்கலாம். சொல்லாமல் விட்டால் பாவம், அவர் எல்லாருக்கும் கொடுப்பதுபோலத்தான் கொடுப்பார்.

அளவைப் பற்றியும் சொல்லவேண்டும். இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு ஆறு குடும்பங்கள் ஒரே வாரத்தில் பிரியாணி கொண்டுவரும். மூன்றாம் வாரம் எட்டிப்பார்க்க ஆளிருக்காது. குளிர்பெட்டி நிரம்பி வழிந்து, எது என்றைக்குச் சமைத்தது என்று தெரியாமல் பாதி குப்பைக்குப் போகும். இது புதுப் பிரச்சினையும் அல்ல. எருசலேமில் ஆதிச் சபையிலேயே கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்குப் பங்கீடு சரியாகப் போய்ச் சேரவில்லை என்று முறுமுறுப்பு எழுந்ததை அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரம் மறைக்காமல் சொல்கிறது. அதற்கு அப்போஸ்தலர்கள் அன்பைப் பற்றி இன்னொரு பிரசங்கம் வைக்கவில்லை. பந்தி விசாரணைக்கு ஏழு பேரை நியமித்தார்கள். நமக்கு ஒரு வாட்ஸ்அப் பட்டியல் போதும். திங்கள், புதன், வெள்ளி என்று மூன்று நாள், ஒரு நாளுக்கு ஒரு வீடு, ஒரு வேளைச் சாப்பாடு, ஆறு வாரத்துக்கு. திருப்பித் தரவேண்டாத டப்பாவில் கொண்டுபோங்கள். நம் எவர்சில்வர் தூக்கைக் கழுவி வைத்துக் காத்திருப்பதும் அவர்களுக்கு ஒரு வேலைதான். மூடியில் சமைத்த தேதியும் நேரமும் எழுதுங்கள். நம் ஊர்ச் சூட்டில் தேங்காய்ப்பால் குழம்பும் சோறும் இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே இருக்கக் கூடாது. சோற்றில் வளரும் கிருமி விடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

அண்டைவீட்டார் முஸ்லிமாக இருந்தால் வீட்டில் சமைத்தது வேண்டாம். முழுப் பழமோ, முயிஸ் எனும் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஹலால் முத்திரை உள்ள கடைப்பொட்டலமோ கொடுத்தால் அவர் யோசிக்காமல் வாங்கலாம். சைவ உணவுக்காரரான இந்து அண்டைவீட்டாருக்குப் புது டப்பாவில் கொடுப்பது மரியாதை.

இனி உபவாசம். குணமாகவேண்டி குடும்பமே உபவாச ஜெபம் எடுக்கும்போது நோயாளியையும் சேர்த்துக்கொள்வதுண்டு. இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளையும் தவிர்க்கக் கூடாது. மருந்து உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும், சாப்பாடு இராது. கை நடுங்கி, குப்பென்று வியர்த்து, பேச்சு குழறினால் அது ஆவியின் அசைவு அல்ல, இரத்தச் சர்க்கரை 4.0 mmol/L-க்குக் கீழே போயிருக்கும். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதிக்கவேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். தேவன் நோயாளியிடம் பட்டினியைக் கேட்கவில்லை என்பது எங்கள் தாழ்மையான கருத்து. யவீருவின் மகளை எழுப்பியவுடன் இயேசு சொன்னது, பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்பதுதான்.

சந்திப்புக்கு இரண்டு பேர் போதும். தம் சீடர்களை இயேசு இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்பினார். 1833இல் பாரிஸில் தொடங்கிய புனித வின்சென்ட் தே பவுல் சபையினரும் ஏழைகளின் வீட்டுக்கு இருவராகப் போவதையே வழக்கமாக வைத்திருக்கிறார்கள். ஒருவர் நோயாளியோடு பேசும்போது மற்றவர் வீட்டாரோடு அடுக்களையில் பேசலாம். உண்மையான தேவை அங்கேதான் வெளியே வரும். எட்டு பேர் போனால் நாற்காலி தேடுவதிலேயே வீட்டாருக்கு நேரம் போய்விடும். இருபது நிமிடம் போதும். இருமலோ சளியோ இருந்தால் அன்று போகாமல் இருப்பதே அன்பு. நுழையும்போதும் கிளம்பும்போதும் கையைச் சுத்தம் செய்யுங்கள். வார்டில் கட்டிலின்மேல் உட்காராமல், நாற்காலியை இழுத்து அவர் கண்மட்டத்துக்கு உட்காருங்கள். நின்றுகொண்டே பேசினால் படுத்திருப்பவர் மருத்துவர் வந்திருக்கிறார் என்றே உணர்வார்.

என்ன பேசுவது? யோபுவின் சிநேகிதர்கள் மூன்று பேரும் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை எல்லாம் சரியாக இருந்தது. வாயைத் திறந்தார்கள், கெட்டது. "எல்லாம் தேவ சித்தம்", "விசுவாசம் இருந்தா சுகம் வரும்", "எங்க சித்தப்பாவுக்கும் இதே கேன்சர்தான், மூணு மாசத்துல போயிட்டார்". இந்த மூன்றையும் ஒரே சந்திப்பில் சொல்லிவிட்டு வருகிற திறமைசாலிகள் நம் சபைகளில் இருக்கிறார்கள். மருந்தை நிறுத்திவிட்டு விசுவாசத்தில் நில்லுங்கள் என்று சொல்வது அதைவிடப் பெரிய குற்றம். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்பதும் பயன்படாது. கேட்பதற்குக் கூச்சப்படுகிறவரிடமே கேட்கும் பொறுப்பைத் தள்ளுகிறோம். "வியாழக்கிழமை பலதுறை மருந்தகத்துக்கு நான் கூட்டிட்டுப் போறேன், எட்டரைக்குக் கீழே நிக்கட்டுமா?" என்றால் அவர் ஆமாம் என்றோ வேண்டாம் என்றோ சொன்னால் போதும்.

ஜெபிக்குமுன் அனுமதி கேளுங்கள், எதற்காக என்றும் கேளுங்கள். எரிகோவில் பர்திமேயு குருடன் என்று ஊருக்கே தெரியும். அவனிடமே இயேசு, நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்டார். நாம் கால்வலிக்காக ஜெபித்துக்கொண்டிருப்போம், அவர் மனசு முழுக்கப் பேசாமல் போன மகனிடம் இருக்கும். ஆறு கட்டில் வார்டில் ஜெபம் ஒன்றிரண்டு நிமிடத்துக்குமேல் போகவேண்டாம், குரலும் அவர் காதுக்கு மட்டும் எட்டினால் போதும். பக்கத்துக் கட்டிலில் மலாய் மூதாட்டி ஒருவர் இரவெல்லாம் தூங்காமல் இப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார். கை வைத்து ஜெபிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: டயாலிசிஸ் செய்பவரின் ஒரு கையில் தமனியையும் சிரையையும் இணைத்து அறுவை செய்திருப்பார்கள். தொட்டால் ரீங்காரம்போல அதிரும். அந்தக் கையை அழுத்தவோ இறுக்கிப் பிடிக்கவோ கூடாது. அடைத்துக்கொண்டால் மறுபடி அறுவைதான். வீட்டில் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால் மெழுகுவத்தி கொளுத்தவேண்டாம், முகத்தில் எண்ணெய் பூசவும் வேண்டாம்.

வேற்று மத அண்டைவீட்டார் நோயில் விழும்போது அதை ஒரு வாய்ப்பாகக் கருதுவோர் உண்டு. மருந்து மயக்கத்தில் இருப்பவர் தலையணைக்கடியில் துண்டுப்பிரதி வைத்துவிட்டு வருவது சந்திப்பு அல்ல. சமய நல்லிணக்கத்துக்கென்று 1990லேயே சட்டம் இயற்றிய நாடு இது. சட்டத்தை விடுங்கள், அன்பு தனக்கானதைத் தேடாது என்று கொரிந்தியருக்கு எழுதிய பவுலே போதும். அவராகக் கேட்டால் பதில் சொல்லலாம். கேட்காவிட்டால், சூப் டப்பாவை வைத்துவிட்டு மின்தூக்கிக்கு நடக்கலாம்.

ஞாயிறு ஆராதனைக்கு ஒருவரைச் சக்கர நாற்காலியில் அழைத்துவருவது நல்ல ஊழியம், ஆனால் முதுகு பிடித்துக்கொள்வதும் ஆள் விழுவதும் கார்க் கதவருகில்தான். காரின் முன் இருக்கையை முழுக்கப் பின்னால் தள்ளுங்கள். சக்கர நாற்காலியைக் கதவுக்குச் சாய்வாக, அவருடைய பலமான பக்கம் கார் இருக்கைக்கு அருகே வரும்படி நிறுத்துங்கள். இரண்டு பிரேக்கும் போட்டாயிற்றா பாருங்கள். கால்மிதியை மடக்குங்கள், இதை மறந்துதான் பலர் மிதித்துக் கவிழ்கிறார்கள். இடுப்பைப் பிடித்து எழுப்பி, திருப்பி, முதலில் இருக்கையில் உட்காரவைத்து, தலை இடிக்காமல் கையால் மறைத்து, கடைசியில் கால்களை உள்ளே எடுங்கள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. பக்கவாதத்தால் செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு நழுவிவிடும். கைகுலுக்குவதானாலும் நல்ல கையை நீட்டுங்கள். சிறுநீர்ப் பை மாட்டியிருந்தால் கிளம்புமுன் காலிசெய்யுங்கள், இடுப்புக்குமேல் தூக்காதீர்கள். பையிலிருந்து திரும்பி ஓடினால் தொற்று வரும். நடைபாதை விளிம்பிலோ சரிவிலோ இறங்கும்போது நாற்காலியைப் பின்பக்கமாக இறக்குங்கள்.

மறதி நோய் உள்ளவரிடம் "ஆன்ட்டி, என்னைத் தெரியுதா?" என்று பரீட்சை வைக்கிறோம். அவர் தோற்றுப்போவதை வீடே பார்க்கிறது. உங்கள் பெயரையும் உறவையும் நீங்களே சொல்லிவிடுங்கள். பழைய கீர்த்தனை ஒன்றை மெல்ல எடுத்துக்கொடுத்தால், மகள் பெயரை மறந்தவர் சரணம் வரை வரி தவறாமல் பாடுவதைக் காணலாம். சிறுவயதில் மனசில் ஏறிய பாட்டு கடைசிவரை தங்கும் இயல்புடையது. புதுப் பாடல்களை இளைஞர் கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பண விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். வங்கி அட்டை, இரகசிய எண், அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கடவுச்சொல் எதையும் வாங்காதீர்கள், அவரே நீட்டினாலும். அரசாங்கம் தரும் சிடிசி பற்றுச்சீட்டின் இணைப்பை உங்கள் கைப்பேசிக்கு அனுப்பிக்கொள்ள வேண்டாம். அவருடைய கைப்பேசியிலேயே, அவர் பக்கத்தில் இருக்கும்போது கடையில் காட்டுங்கள். ஆங்கிலக் கடிதங்களை வாசித்துச் சொல்வது பெரிய உதவி. எந்த உதவித்தொகைக்கு யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800-650-6060இல் அழைக்கலாம்.

வெளிநாட்டு ஊழியர் வேலையிடத்தில் அடிபட்டு வார்டில் கிடந்தால், அவருக்கு முதலில் வேண்டியது கைப்பேசி மின்னூட்டியும் டேட்டாவும். தமிழ்நாட்டு நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். இங்கே இரவு ஒன்பதரை என்றால் அங்கே ஏழு, வீட்டார் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம். அப்போது பேசவையுங்கள். மருத்துவ விடுப்புச் சான்றிதழ் ஒவ்வொன்றையும் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் கோரிக்கை வைக்க விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுதான் அவகாசம். கிறிஸ்தவப் பின்னணியோடு 2006இல் தொடங்கிய ஹெல்த்சர்வ் போன்ற அமைப்புகள் இதில் அனுபவம் உள்ளவை. நாமே வழக்கறிஞராகிவிட வேண்டாம்.

இந்த ஊரில் இதற்கெல்லாம் முன்னோடிகள் இல்லாமலில்லை. ஆங்கிலிக்கப் பேராயரின் மனைவி, மருத்துவர் சார்லட் ஃபெர்குசன்-டேவி, 1913இல் பென்கூலன் ஸ்திரீட்டில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு சிறு மருந்தகம் திறந்தார். செயின்ட் ஆண்ட்ரூஸ் மருத்துவப் பணி அங்கிருந்து வளர்ந்தது. அவர் கையில் வேதப்புத்தகத்தோடு மருத்துவப் படிப்பும் இருந்தது.

இப்போது சத்திரக்காரன். நம் வீடுகளில் அது பெரும்பாலும் மனைவியோ, திருமணமாகாத மகளோ, பணிப்பெண்ணோதான். பத்துப் பேர் வந்து நோயாளியை நலம் விசாரிக்கிறார்கள். காப்பி போட்டுக் கொடுத்தவரை ஒருவரும் விசாரிப்பதில்லை. அவருக்கு வேண்டியது மூன்று மணி நேரம். சனிக்கிழமை இரண்டிலிருந்து ஐந்துவரை நான் இருக்கிறேன், நீங்கள் முடிவெட்டிக்கொள்ளவோ, தேக்கா சந்தைக்குப் போகவோ, சும்மா கீழ்த்தளத்தில் உட்காரவோ போய்வாருங்கள் என்று சொல்ல ஆள் வேண்டும். அப்படி இருப்பவர் மருந்துப் பட்டியல் எங்கே இருக்கிறது, அடையாள அட்டை எங்கே, கழிவறைக்கு எப்படி அழைத்துப்போவது என்பதை முந்தின வாரமே ஒருமுறை கூட இருந்து பார்த்துக்கொள்ளவேண்டும். பணிப்பெண்ணுக்கு மாதத்தில் ஒரு நாளாவது, பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாத ஓய்வுநாள் கொடுத்தாகவேண்டும் என்பது 2023 ஜனவரி 1 முதல் விதி. அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டார் திண்டாடும் நாள். அன்று சபையிலிருந்து இரண்டு பேர் முறைவைத்துப் போனால் அவர் மனநிறைவோடு கிளம்புவார்.

சபை மூப்பர்களுக்கும் பங்குப் பேரவைகளுக்கும் ஒரு வேண்டுகோள். டிசம்பர் 10 முதல் 25 வரை சந்திப்புப் பட்டியலில் இடமே இருக்காது. ஒரே வீட்டுக்கு ஒரே மாலையில் மூன்று குழுக்கள் போய் மின்தூக்கி வாசலில் சந்தித்துக்கொள்வதும் நடக்கிறது. ஜனவரி இரண்டாம் வாரத்திலிருந்து பட்டியல் வெறிச்சோடிவிடும். கேரல் குழுவுக்குப் பெயர் கொடுக்கும் தாளிலேயே கீழே இன்னொரு கட்டம் போட்டு, ஜனவரி 11க்குமேல் ஒரு சனிக்கிழமை, மூன்று மணி நேரம் என்று எழுதி, பெயர் கேளுங்கள்.

இப்படிக்கு,
சந்திப்பு ஊழியத்தில் இருப்போர் சிலர்
சிங்கப்பூர்